சில்வர் ஓக் இலையில் செம்பு இருந்தால் பழி சுரங்கத்துக்கா?

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்க ஆசையில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் குடைந்த சுரங்கங்கள் இன்றும் தேயிலைக்கும் புதருக்கும் நடுவே வாய் பிளந்து கிடக்கின்றன. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்பட்ட இடங்கள் இவை. அங்கே எஞ்சியிருக்கும் உலோகத்தை மரங்களைக் கொண்டு அறியலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் இலையைப் பறிக்கும்போதே பல ஆய்வுகள் வழி தவறிவிடுகின்றன.

இலையில் பாதரசம் இருந்தால் வேர் வழியாக ஏறியது என்று நினைக்க வேண்டாம். வேர் உறிஞ்சுவதில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். இலையில் இருப்பது பெரும்பாலும் காற்றிலிருந்து இலைத்துளை வழியாகப் புகுந்தது. மண்ணின் நிலையை அறிய மண்ணைத்தான் சோதிக்க வேண்டும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் குறித்த ஆய்வில், மரப்பட்டையிலும் பாறையிலும் படரும், வேரே இல்லாத லைக்கனையும் பாசியையும் சோதித்தார்கள். காற்றை அறிய அது பொருத்தமான தேர்வு.

நீலகிரியில் எளிதில் விழக்கூடிய குழி வேறொன்று. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கின் இலையில் செம்பு கூடுதலாக இருந்தால் உடனே சுரங்கத்தின் மேல் பழி போடுகிறோம். மழைக்காலத்தில் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய்க்குத் தோட்டங்களில் செம்பு கலந்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு மருந்தைத் தெளிப்பார்கள்; துத்தநாக சல்பேட்டும் தெளிப்பதுண்டு. பக்கத்தில் நிற்கும் மரம் மட்டும் நனையாமலா இருக்கும்? தேயிலைச் செடியையே சோதித்தால் குழப்பம் இன்னும் கூடும். அமில மண்ணிலிருந்து அலுமினியத்தையும் மாங்கனீஸையும் எடுத்து முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைப்பது அதன் பிறவிக்குணம். சுரங்கமே இல்லாத ஊரிலும் அந்த எண்கள் மிரட்டும். கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று தோட்டத்து மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். ஒப்பிட, அதே பாறை, அதே மருந்து, அதே இன மரம் கொண்ட, சுரங்கம் மட்டும் இல்லாத இடம் ஒன்றும் வேண்டும். இதைத் தவிர்த்த ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே பையில் போடாதீர்கள். வயது ஏற ஏறப் பாதரசமும் ஏறும். உலர்த்தும்போது அடுப்பின் சூடு கூடினால் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும்.

மரத்தைத் துளைத்து ஆண்டு வளையங்களில் வரலாறு தேடுவோரும் உண்டு. சுரங்கங்கள் ஓடிய காலத்தில், இன்று நிற்கும் நிழல்மரங்களில் பெரும்பாலானவை விதையாகக்கூட இல்லை. வளையம் தெளிவாகத் தெரியும் தேக்கிலும் சில உலோகங்கள் ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரக்கூடும். 1990-ஆம் ஆண்டு வளையத்தில் உள்ள உலோகம் 1990-இல்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.