கிராம சபையில் பேசினால் போதாது, எழுத வைக்க வேண்டும்

ஊராட்சியைத் திட்டுவதற்கு நமக்கு டீக்கடை இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, கோயில் திண்ணை இருக்கிறது. திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நாம் சொல்வதைச் சட்டப்படி கேட்டே ஆக வேண்டிய கூட்டம் ஒன்று வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது, அங்கே போக மட்டும் நமக்கு வெயிலும் வேலையும் குறுக்கே வந்துவிடும். நியாயமாகச் சொன்னால் எங்கள் பக்கத்துக் கிராம சபைகளை ஆள் சேர்த்து நடத்திக் கொடுப்பதே நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காக்கள்தான். அதிகம் திட்டுகிறவர்கள் அன்றைக்கு வீட்டில் டிவி முன்னால் இருப்பார்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை கிராம சபை நடக்கிற பழைய நாட்கள். 2022-லிருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்துகொண்டன. பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கும். உங்கள் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர், யாரும் வீடு தேடி வந்து கூப்பிட வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள், அப்போதும் கூட்டம் நடக்கத்தான் செய்தது. ஆகவே ‘தலைவரே இல்லை, யாரிடம் கேட்பது’ என்று யாராவது ஒதுங்கினால் நம்பாதீர்கள்.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பிரச்சினை யாருடைய வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் புகார்கள் இங்கேதான் செத்துப்போகின்றன. தெருவிளக்கு பல்பு எரியாவிட்டால் அது ஊராட்சி, கம்பம் சாய்ந்தாலோ கம்பி தாழ்ந்து தொங்கினாலோ அது மின்வாரியம். இதற்குக் கிராம சபை வரை காத்திருக்க வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அன்றைக்கே போன் போட்டுவிடுங்கள். சாலையென்றால் ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்க்க வேண்டும், மூன்றும் நம் கண்ணுக்கு ஒரே குண்டும் குழியுமாகத்தான் தெரியும். ஏரியிலும் இதே கதை. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவாக ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் போனால் நீர்வளத்துறை. ரேஷன் கடைப் புகாரை வட்ட வழங்கல் அலுவலரிடம் கொண்டுபோக வேண்டும். பட்டா, ஆக்கிரமிப்பு என்றால் விஏஓ, தாசில்தார் என்று வருவாய்த் துறைக் கணக்கு. கூட்டத்துக்குத் துறை அலுவலர்கள் வந்திருந்தால் அங்கேயே கேட்கலாம். வராவிட்டாலும் அந்தத் துறையை வலியுறுத்தித் தீர்மானம் போடச் சொல்லலாம். ஆனால் மின்வாரியம் செய்ய வேண்டியதற்கு ஊராட்சி செயலரைப் பிடித்து உலுக்கினால் அவருக்கு ஒரு பதில் ரெடியாக இருக்கும்: ‘அது நம்ம கையில இல்லைங்க.’ அதோடு உங்கள் முறை முடிந்தது.

அப்புறம் மனு. வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதிக் கொண்டுபோங்கள், இரண்டு நகல். ‘எங்கள் தெருவில் தண்ணீர் சரியாக வருவதில்லை, ஆவன செய்யவும்’ என்று எழுதினால் ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலோடு நின்றுவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மேற்குத் தெருவில் கேட் வால்வுக்குப் பிறகு உள்ள கடைசி 12 வீடுகளுக்கு, தண்ணீர் திறந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு குடம் நிறைவதில்லை. வால்வில் கசிவு இருக்கிறது. வால்வை மாற்றவும், மேற்குத் தெருவுக்குத் தனி நேரம் ஒதுக்கவும் தீர்மானிக்க வேண்டுகிறோம்.’ இடம், அளவு, வேண்டியது மூன்றும் இதில் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதையும் மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த 12 வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். தனி ஆளாகக் கேட்டால் ‘இவனுக்கு என்ன அரசியல்’ என்று பார்ப்பார்கள்.

கூட்டத்தன்று கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். ஆள் கணக்கு முக்கியம். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வந்ததும் வருகைப் பதிவேட்டை நீட்டுவார்கள், அதில் கையெழுத்துப் போடலாம், தப்பில்லை. ஆனால் மேலே என்ன தலைப்பு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதாத வெற்றுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

முதலில் வரவு செலவு படிப்பார்கள். படிவம் 30 என்று ஒன்று இருக்கிறது, ஊராட்சியின் ஆண்டு வரவு செலவு அதில் வரும். படிக்கிற வேகத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது, புரியக்கூடாது என்றே சிலர் படிப்பார்கள் என்பது என் சந்தேகம். ‘எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க’ என்று பொதுவாகக் கேட்காமல் ஒரே ஒரு செலவைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடிநீர்ப் பராமரிப்பு என்று போட்டிருந்தால் எந்த மோட்டார், எந்தத் தெரு, பில் எங்கே என்று அதை மட்டும் கேளுங்கள், குரலை உயர்த்த வேண்டிய தேவையே இருக்காது. குரல் உயர்ந்தால் பேச்சு மாமன் மச்சான் சண்டையாகி, கடைசியில் நீங்கள் கேட்ட மோட்டார் எல்லோருக்கும் மறந்துபோகும்.

இனி முக்கியமான இடம். நீங்கள் மனுவைப் படித்ததும் தலைவர் சிரித்த முகத்தோடு “ஏற்பாடு பண்றேன்ணே, கவலைப்படாதீங்க” என்பார். கூட்டம் கை தட்டும். பெரும்பாலானவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காராதீர்கள். “சரி தலைவரே, அதையே தீர்மானமாப் போட்டுடச் சொல்லுங்க” என்று நின்றுகொண்டே இருங்கள். மேலிடத்திலிருந்து வந்த பொருள்களுக்குத் தீர்மானம் எழுதிவிட்டு உள்ளூர் விஷயங்களை ‘இதர பொருள்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற பழக்கம் நிறைய ஊரில் உண்டு. உங்கள் விஷயத்துக்குத் தனி தீர்மானம், தனி எண் வேண்டும். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். ‘வால்வு மாற்ற’ என்று நீங்கள் கேட்டது ‘குடிநீர்ப் பணிகளை மேம்படுத்த’ என்று மாறியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்தத் தீர்மானத்தை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. முடிந்ததும் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மனுவின் இரண்டாவது நகலில் ஊராட்சி செயலரிடம் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் விட்டுப் பார்த்து, வேலை அசையாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகம். அங்கே பிடிஓ இரண்டு பேர் இருப்பார்கள், நமக்கு வேண்டியவர் கிராம ஊராட்சிகளைப் பார்க்கிறவர். அங்கும் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், அங்கே மனுவுக்கு எண் போட்டு ரசீது தருவார்கள். ‘தீர்மானமா, அப்படி எதுவும் போடலையே’ என்று யாராவது சாதித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பியாக வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு நம் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் ஒருதலையாகிவிடும். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராததற்குப் பல இடங்களில் காரணம் ஊராட்சியே இல்லை. தெரு முனையில் யாரோ பைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். அது யார் வீடு என்று தெருவுக்கே தெரியும், சொந்தக்காரர் என்பதால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவரே கூட்டத்தில் எழுந்து தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேசுவதையும் கேட்கலாம்! மோட்டார் வைத்து உறிஞ்சும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று கிராம சபையிலேயே தீர்மானம் போடலாம், யாருடைய பெயரையும் சொல்ல வேண்டாம், அடுத்த வாரமே நாலு மோட்டார் தானாகக் கழன்றுவிடும். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டண ரசீதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், இப்போது ஆன்லைனிலேயே கட்டலாம். பாக்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டுதான், ஆனால் செயலர் அந்தப் பாக்கியைத்தான் முதலில் வாசிப்பார். குப்பைக்கு வருகிற தூய்மைக் காவலரிடம் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள். அவர் பெயரைக் கேட்டுக் கூப்பிடப் பழகினால் இன்னும் நல்லது, ‘ஏய் குப்பை’ என்று கூப்பிடுகிற வழக்கம் இன்னும் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன கூட்டத்தில் போட்ட தீர்மானங்கள் என்ன ஆயிற்று, ஒவ்வொன்றாக வாசியுங்கள். அதை வாசித்து முடித்த பிறகு புது மனுவை எடுங்கள்.