சம்ப் முதலில், மேல்தொட்டி பிறகு: சேலத்து வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கழுவும் முறை

சேலத்தில் பெரும்பாலான தெருக்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்று பிடித்து வைத்து, அடுத்த முறை வருகிறவரை புழங்கவேண்டும். அதனால்தான் அம்மாபேட்டை தறி வீடானாலும் அழகாபுரம் மாடி வீடானாலும் வாசலுக்கடியில் ஒரு சம்ப், மொட்டைமாடியில் ஒரு சின்டெக்ஸ் என்று இரண்டு தொட்டி இருக்கிறது. கழுவுகிற நாள் வந்தால் பலரும் மாடித் தொட்டியை மட்டும் தேய்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சேறு படிந்திருப்பது கீழே. மோட்டார் போட்ட ஒரே வாரத்தில் அந்தச் சேறு மேலே ஏறிவிடும். இரண்டையும் கழுவவேண்டும், அதுவும் சம்பை முதலில் கழுவவேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். எந்த மாதம் என்பதில் கவனம் வேண்டும். நமக்கு வருவது மேட்டூர்த் தண்ணீர். ஆடியில் கர்நாடகத்து மழை வெள்ளம் அணைக்கு வந்து சேரும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கும். சுத்திகரித்து அனுப்பினாலும் மெல்லிய வண்டல் தங்கத்தான் செய்யும். ஆடிக்கு முன்னால் கழுவினால் இரண்டே மாதத்தில் பழைய கதைதான். கலங்கல் ஓய்ந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அதாவது புரட்டாசியில் கழுவுவது சரி. டெங்கு கொசு பெருகும் காலத்துக்கு முன்பே தொட்டி சுத்தமாகிவிடும். அடுத்த கழுவலைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளலாம். சித்திரைத் தட்டுப்பாட்டில் கழுவுவதற்கென்று தண்ணீர் ஒதுக்க முடியாது.

நாள் குறிக்கும்போது, உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய நாள் காலையை எடுங்கள். தொட்டில்பட்டி நீரேற்று நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று அறிவிப்பு வந்திருந்தால் தள்ளிப்போடுங்கள். சம்பைக் காலி செய்துவிட்டு இரண்டு நாள் தண்ணீர் வராமல் தவிக்கக்கூடாது.

முந்தைய நாள் இரவே மேல்தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். மறுநாள் புழக்கத்துக்கு அதுதான். குடிக்க இரண்டு குடம் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். சம்பில் மிச்சம் ஒரு அடித் தண்ணீர் இருக்கும்படி விட்டால் போதும், கழுவ அதுவே உதவும். அதற்குமேல் இருந்தால் டிரம்மில் எடுத்து வைத்து, துணி துவைக்கவோ வாசல் தெளிக்கவோ வைத்துக்கொள்ளலாம்.

காலையில் முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இறங்காதீர்கள். வயரிங் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்த பிறகும் மோட்டார் வரை மின்சாரம் வந்துகொண்டிருக்கும். மெயினில் எம்சிபியை இறக்குங்கள். சம்புக்குள்ளேயே நீர்மூழ்கி மோட்டார் உள்ள வீடுகளில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கேபிள் ஜாயிண்டில் சுற்றிய டேப் ஊறியிருந்தாலே ஷாக் அடிக்கும்.

மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். இரண்டு மூடி இருந்தால் இரண்டையும் திறக்கவேண்டும். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கும், இறங்கியவர் சத்தமே இல்லாமல் மயங்கிவிடுவார். ஆகவே தனியாக ஒருவர் இறங்கவே கூடாது. மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்கவேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவர் பதறிக் குதிக்கக்கூடாது, கயிற்றால் இழுக்கவேண்டும். தண்ணீர் இறைக்கிற பெட்ரோல் எஞ்சினைத் தொட்டிக்குள்ளோ மூடியருகிலோ ஓட்டாதீர்கள், அந்தப் புகை கீழே தேங்கி ஆளைக் கொன்றுவிடும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: நைலான் பிரஷ் இரண்டு, ஒன்று நீளக் கைப்பிடியுடன்; வண்டல் அள்ளப் பிளாஸ்டிக் முறம்; இரண்டு வாளி, ஒரு மக்; பழைய பருத்தித் துணி; பேட்டரி டார்ச்; ரப்பர் கையுறை; ஏணி. கம்பிப் பிரஷ் வேண்டாம். சிமென்ட் பூச்சை அது பெயர்த்துவிடும், பிளாஸ்டிக் தொட்டியில் கீறல் போடும், அந்தக் கீறலில்தான் பாசி வேர் பிடிக்கும். துணி சோப்பும் வேண்டாம், அலசித் தீராது.

இறங்கியதும் அடியைக் கலக்காமல் முறத்தால் வண்டலை ஓரத்திலிருந்து ஒதுக்கி வாளியில் அள்ளிக் கொடுங்கள். இந்தச் சேற்றைச் செடிகளுக்குத் தாராளமாகப் போடலாம், இன்னும் பிளீச்சிங் படாத மண்தான். சாக்கடையில் கொட்டினால் அடுத்த வீட்டு வாசலில் அடைத்துக்கொண்டு சண்டைதான் மிஞ்சும்.

பிறகு சுவர். மேலிருந்து கீழாகத் தேயுங்கள். அடியைவிட முக்கியம், வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஓரடிப் பட்டை. டெங்கு பரப்பும் கொசு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை, நீர்மட்டத்தை ஒட்டி ஈரச் சுவரில் ஒட்டவைக்கிறது. அந்த முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்து, ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். சுகாதாரப் பணியாளர் வந்து அபேட் மருந்து ஊற்றிப் போனால் புழு சாகும், சுவரில் காய்ந்திருக்கும் முட்டை சாகாது. கை வலிக்கத் தேய்த்தால்தான் அது போகும்.

தேய்க்கும்போதே டார்ச் அடித்துச் சுவரைப் பாருங்கள். எங்காவது ஒரே இடத்தில் ஈரம் கசிந்து கறுத்திருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். பக்கத்தில் சாக்கடையோ கழிவறைத் தொட்டியோ இருந்தால் அந்தக் கசிவை அடைக்காமல் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. மூக்கனேரி போன்ற ஏரிக்கரை ஓரத்து வீடுகளில் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் சம்பை முழுக்கக் காலியாகப் போட்டுவைத்தால் வெளி அழுத்தத்தில் தளம் விரிசல் விடும். அங்கெல்லாம் புரட்டாசிக் கழுவலை மழை மாதங்களுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

தேய்த்து முடித்து ஒரு முறை அலசி இறைத்தபின் பிளீச்சிங் பவுடர். தொட்டி முழுக்கத் தண்ணீர் நிரப்பி மருந்து போட்டு வெளியேற்றுகிற முறை நம் ஊருக்குக் கட்டுப்படியாகாது. சுவரில் பூசுகிற முறை போதும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 7 அல்லது 8 கிராம் பவுடர். பொட்டலத்தில் தேதி பார்த்து, மூடி ஒட்டியதாக வாங்குங்கள். புதுப் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கும், திறந்த மூட்டையில் கிடந்தது வெறும் சுண்ணாம்பாகப் போயிருக்கும். கட்டி தட்டியிருந்து, மூக்கில் நெடி ஏறவில்லை என்றால் வாங்காதீர்கள்.

கரைசலைத் தொட்டிக்கு வெளியே, பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேல் தெளிவை மட்டும் எடுக்கவேண்டும். இறங்கியவர் ஏணிக்கு எதிர் மூலையில் தொடங்கித் துணியால் பூசிக்கொண்டே ஏணிப் பக்கம் வந்து, பத்து நிமிடத்துக்குள் மேலே ஏறிவிடவேண்டும். கண் எரிந்தால் உடனே ஏறுங்கள், மிச்சத்தை நீளப் பிரஷால் மேலிருந்தே பூசலாம். அரை மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரால் அலசி இறைத்துவிடுங்கள். இந்தத் தண்ணீர் செடிக்கு ஆகாது.

சிலர் கறை போகவேண்டும் என்று கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறார்கள். சிமென்டை ஆசிட் அரித்துவிடும். அதைவிட மோசம், பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் அது மூச்சை அடைத்துவிடும். இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டுத் தொட்டியருகில் இருக்கவே கூடாது.

மேலே ஏறும் முன் மோட்டார் உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். அதன் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு தளத்தில் உட்கார்ந்திருந்தால் வண்டலைத்தான் முதலில் உறிஞ்சும். தளத்திலிருந்து அரை அடி உயரத்தில் நிற்கும்படி குழாயை அறுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பிளம்பருக்கு அரை மணி நேர வேலை, பலன் ஆண்டு முழுக்க. அடியில் அரை அடித் தண்ணீர் வீணாகிறதே என்று தயங்கவேண்டாம், வண்டல் தங்குவதற்கான இடம் அது.

மறுநாள் தண்ணீர் வரும்போது முதல் பத்து நிமிடத் தண்ணீரைச் சம்புக்குள் விடாதீர்கள். இந்தப் பத்தியை மட்டும் படித்துக் கடைப்பிடித்தாலும் பாதி அழுக்கு குறையும். நாள் கணக்கில் காலியாகக் கிடந்த தெருக் குழாயில் துரு, மண், விரிசல் வழியே ஊறிய சாக்கடைத் தண்ணீர் எல்லாம் தேங்கியிருக்கும். அழுத்தம் வந்ததும் முதலில் அடித்து வருவது அதுதான். வாளியில் பிடித்து வாசலுக்கு, கழிவறைக்கு வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகு சம்புக் குழாயைத் திறங்கள். தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்பதோடு, அந்த இழுப்பில்தான் பக்கத்துச் சாக்கடையும் குழாய்க்குள் வருகிறது. அந்தத் தெருவே அதைக் குடிக்கிறது.

சம்பில் நல்ல தண்ணீர் சேர்ந்ததும் அப்படியே மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். காலி செய்ததில் உறிஞ்சு குழாய் வறண்டிருக்கும். மோட்டாரின் மேலே உள்ள நட்டைக் கழற்றி, தண்ணீர் வழியும்வரை ஊற்றி மூடிய பிறகு போடுங்கள். வறண்டு ஓடினால் சீல் கருகிவிடும். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் ஃபுட் வால்வில் கல் சிக்கியிருக்கிறது.

இப்போது மேல்தொட்டியின் முறை. முந்தின நாள் தண்ணீர் புழங்கிக் குறைந்திருக்கும். மின்சாரம், காற்றாட்டம், தேய்ப்பு, பூச்சு எல்லாம் அதேதான். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஆள் இறங்கவேண்டியதில்லை, நீளப் பிரஷ் போதும். அடித் தண்ணீரை வெளியேற்றும் வாஷ்அவுட் வால்வு இல்லாத தொட்டியில் அடித் தண்ணீரை மக்காலும் துணியாலும் ஒற்றி எடுங்கள். வீட்டுக் குழாய்க்குப் போகும் வால்வைத் திறந்துவிட்டால் வண்டல் முழுக்கச் சமையலறைக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

போர்த் தண்ணீர் ஏற்றும் தொட்டியில் வெள்ளை உப்புப் படலம் இருக்கும். சேலத்துப் பாறை அப்படி, போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். பிளாஸ்டிக் தொட்டியில் அந்தப் படலத்துக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), லிட்டருக்கு 50 கிராம் கரைத்து அரை மணி ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். இதுவும் ஆசிட்தான்; முழுக்கத் தண்ணீரில் அலசிப் போன பிறகு, வேறொரு நாளில்தான் பிளீச்சிங்கைத் தொடவேண்டும். போர்த் தண்ணீரையும் மேட்டூர்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்காமல் இருந்தால் இந்த வேலையே பாதியாகும்.

நிரப்பும்போது ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் கீசருக்கும் போகும் வால்வுகளை மூடி வையுங்கள், குளோரின் வாடை போன பிறகு திறக்கலாம். குழாயில் தண்ணீர் வராமல் காற்று மட்டும் சீறினால் எல்லாவற்றிலும் கீழே உள்ள குழாயைச் சில நிமிடம் திறந்து விடுங்கள், அடைத்த காற்று வெளியேறிவிடும்.

புழங்கும் தண்ணீரில் அன்றாடம் போடும் பிளீச்சிங் பவுடர் அளவு வேறு: 1000 லிட்டருக்கு 4 கிராம். சம்பின் கொள்ளளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28.3ஆல் பெருக்குங்கள். 6க்கு 5 அடித் தொட்டியில் 5 அடி நின்றால் சுமார் 4,250 லிட்டர், ஆகவே 17 கிராம். இதையும் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் புழங்கவேண்டும். கூடுதலாகப் போட்டால் நல்லது என்று கை கணக்கில் அள்ளிப் போடாதீர்கள், குளிக்கும்போது கண் எரியும், வீட்டார் அடுத்த முறை போடவே விடமாட்டார்கள்.

மூடி இடைவெளியில்லாமல் உட்காரவேண்டும். வெயிலில் காய்ந்து விரிசல் விட்ட மூடி வழியே வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், மாற்றிவிடுங்கள். வழிந்தோடும் குழாய் வாயிலும் காற்றுக் குழாய் வாயிலும் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். இதை மறந்தால் மூடி இறுக்கமாக இருந்தும் கொசு உள்ளே போய்விடும். ஏற்காடு அடிவாரப் பக்கத்து வீடுகளில் குரங்கு மூடியைத் தூக்கிப் போட்டுவிடும், இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கயிற்றால் தொட்டிக் கழுத்தோடு கட்டவேண்டும். கழுவிய தேதியை மூடியின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். மேல்பக்கம் எழுதினால் ஒரு கோடையில் அழிந்துவிடும்.