போனை வைத்த பிறகு மனசு எப்படி இருக்கிறது?

நான் நியூஸ் டெஸ்க்கில் வேலை பார்த்தவள். உங்கள் போனில் "டிங்" என்று வந்து விழுகிறதே ஒற்றை வரிச் செய்தி, அதை எழுதுவதுதான் பல வருடம் என் வேலை. ஒரு வரியை அனுப்பிய சில நிமிடங்களுக்குள் எத்தனை பேர் அதைத் தொட்டுத் திறந்தார்கள் என்று எங்களுக்குத் திரையில் தெரிந்துவிடும். "நாளை கனமழை பெய்யும்" என்று அனுப்பினால் ஓரளவுதான் திறப்பார்கள். "வெளுத்து வாங்கப்போகும் மழை: உங்கள் பகுதிக்கு ஆபத்தா?" என்று அனுப்பினால் எண்ணிக்கை எகிறும். தகவல் இரண்டிலும் ஒன்றுதான். படிப்பவரின் வயிற்றைக் கொஞ்சம் கலக்கினால்தான் வரி ஓடும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலையில் இருந்ததால் தெரிந்தவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம்?" என்பதைத்தான். மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் பெரிதாக எதுவும் பிடிபடாது. ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ பிரிஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசி 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஜிட்டல் பயன்பாடு கூடக் கூட மனநலம் குறைவதாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் அந்தப் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடிந்தது. இது சராசரிக் கணக்கு. உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அது சொல்லாது. ஒரு மணி நேரம் அக்காவோடு வீடியோ காலில் சிரித்துப் பேசியிருக்கலாம். அதே ஒரு மணி நேரம், முன்பின் தெரியாத இரண்டு பேர் கமெண்ட்டில் போட்டுக்கொண்ட சண்டையைக் கடைசி வரை படித்திருக்கலாம். ஸ்க்ரீன் டைம் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும்.

அதனால் நான் சொல்லும் வழி வேறு இடத்தில் தொடங்குகிறது.

முதலில் ஒரு நோட்டு

சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பேனாவையும் நீங்கள் போன் சார்ஜ் போடும் இடத்தில் வையுங்கள். போனிலேயே குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், குறிக்கப் போன கை அப்படியே இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடும். போனைக் கீழே வைக்கும்போதோ டிவியை அணைக்கும்போதோ மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, எதைப் பார்த்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். "நல்லா இருக்கு", "பரவாயில்லை" என்று எழுதினால் பயன் இல்லை. உடம்பைக் கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா? மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறதா? என் நோட்டில் வரிகள் இப்படி இருக்கும்:

காலை 6.15 – செய்தி அலர்ட் – வயிற்றில் ஒரு கனம்.
மதியம் 1.30 – பழைய தோழியின் வாய்ஸ் மெசேஜ் – முகத்தில் சிரிப்பு.
மாலை 4 – குரூப்பில் வந்த ஃபார்வேர்ட் வீடியோ – படபடப்பு.
இரவு 10.40 – ரீல்ஸ் – கண் எரிச்சல், கடைசியாகப் பார்த்தது எது என்றே ஞாபகம் இல்லை.

ஒரு வாரம் எழுதினால் போதும். அந்த ஒரு வாரம் எதையும் குறைக்க முயற்சி செய்யாதீர்கள், வழக்கம்போலவே இருங்கள். முடிவில் திருப்பிப் பார்த்தால் "போன் கெட்டது" என்று மொத்தமாகச் சொல்ல முடியாது என்பது தெரிந்துவிடும். ஒரே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உங்களைத் தூக்கிவிடும், இன்னொன்று நாள் முழுக்க எரிச்சலில் வைத்திருக்கும். வெறுமனே தள்ளிக்கொண்டே பார்ப்பதற்கும் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசமும் தெரியும்.

இப்படிக் கவனிப்பதே பாதி மருந்து என்று நான் நம்புகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்திய சோதனை ஒன்று 2018-ல் வெளியானது. ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளைக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. இன்னொரு பிரிவினர் எதையும் மாற்றவில்லை. எவ்வளவு பயன்படுத்தினோம் என்று போனிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியதோடு சரி. அவர்களுக்கும் பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் தணிந்திருந்தன. தன் கணக்கைத் தானே பார்க்க ஆரம்பித்ததால் வந்த பலனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள்.

செய்தியைக் கையாளுவது

நோட்டில் பெரும்பாலானவர்களுக்குச் செய்திப் பக்கம்தான் கனமாக இருக்கும். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளே இருந்து தெரிந்த இடம் இது.

1997-ல் வெண்டி ஜான்ஸ்டன், கிரஹாம் டேவி என்ற இரண்டு உளவியலாளர்கள் மக்களுக்குப் பதினான்கு நிமிடச் செய்தித் தொகுப்புகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு நல்ல செய்தி, சிலருக்கு நடுநிலையானவை, சிலருக்கு மோசமானவை. மோசமான செய்தியைப் பார்த்தவர்களுக்குக் கவலையும் சோகமும் கூடியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், அந்தச் செய்திக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத தங்கள் சொந்தக் கவலைகளையும் அவர்கள் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கோ நடந்த விபத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவருக்குத் தன் வேலையைப் பற்றிய பயமும் பிள்ளையின் படிப்பைப் பற்றிய பயமும் ஒரு படி ஏறிவிடுகின்றன. பதினான்கு நிமிடத்துக்கே இந்த நிலை.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அடுத்து வந்த ஒரு வாரத்தில் நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே இருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நேரடியாக மாட்டிக்கொண்டவர்களைவிடக் கடும் மன அழுத்த அறிகுறிகள் அதிகமாகத் தெரிந்தன. ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்றும் வாதிடலாம். அப்படியே இருந்தாலும், பதற்றத்தோடு உட்கார்ந்து ஆறு மணி நேரம் பார்ப்பது அதைத் தணிக்கவில்லை என்பது தெளிவு.

ஒரு பெரிய சம்பவம் நடந்த முதல் சில மணி நேரம் டெஸ்க்கில் யாருக்கும் முழு விவரம் தெரியாது. எண்ணிக்கை மாறும், பெயர் மாறும், காரணம் மாறும். கையில் இருப்பது ஒரு சிசிடிவி துண்டும் பக்கத்து வீட்டுக்காரர் பேட்டியும்தான். ஆனால் ஒளிபரப்பு நிற்க முடியாதே. அதனால் அதே இருபது விநாடிக் காட்சியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள், கீழே ஸ்க்ரோல் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். நீங்கள் மூன்று மணி நேரம் பார்த்து அறிந்துகொண்டதை மறுநாள் காலை ஐந்து நிமிடத்தில், அதுவும் திருத்தப்பட்ட வடிவத்தில் படித்துவிடலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். செய்தி ஆப்களின் அலர்ட்டை முழுவதுமாக அணையுங்கள். புயல், வெள்ள எச்சரிக்கைகளுக்கு மட்டும் அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டு வேளை செய்திக்கு ஒதுக்குங்கள். காலையில் எழுந்தவுடனும் தூங்கப்போகும் முன்பும் வேண்டாம். வீடியோவைவிட எழுத்தில் படியுங்கள். எழுத்தில் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில், அலறல் சத்தமும் கிடையாது. பெரிய துயரச் செய்தி வந்தால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பணம் அனுப்புங்கள், ரத்தம் கொடுங்கள், அங்கே இருக்கும் உறவினருக்கு போன் போடுங்கள். செய்து முடித்ததும் திரையை மூடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் அதே காட்சியைப் பார்ப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் போய்ச் சேராது.

செய்தியே வேண்டாம் என்று ஒதுங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கிவைத்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களுக்கு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலையும் சற்றே மேம்பட்டது. கூடவே, நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. நேரம் ஒதுக்கிப் படிப்பவருக்கு இந்த இழப்பு வராது.

முடிவில்லாத பக்கத்துக்கு முடிவு கட்டுவது

முன்பு இணையப் பக்கங்களின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் போக வேண்டுமா என்று ஒரு கணம் யோசிப்போம், அந்தக் கணத்தில் எழுந்தும் போவோம். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் நீளும் ஸ்க்ரோலை உருவாக்கினார். அது ஏற்படுத்திய விளைவுக்குப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நிறுத்தும் இடத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்றால் நாம்தான் அதைத் திரும்ப வைக்க வேண்டும்.

ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். அடுத்த வீடியோவை நீங்களாகத் தொட்டால்தான் ஓட வேண்டும். உங்கள் நோட்டில் மோசமான வார்த்தைகள் விழுந்த ஆப்பை மட்டும் போனிலிருந்து எடுத்துவிட்டு, தேவைப்படும்போது கம்ப்யூட்டரில் லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்டு அடிக்கும் சிரமமே பல முறை உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். ஆப்பைத் திறக்கும் முன்பு எதற்காகத் திறக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "தங்கச்சி போட்ட போட்டோவைப் பார்க்க" என்று சொல்லித் திறந்தால், பார்த்ததும் மூடுவது சுலபம். சொல்ல எதுவும் வரவில்லை என்றால், கை சும்மா போயிருக்கிறது.

யாருடைய பதிவைப் பார்த்தால் உங்கள் வீடும் முகமும் வாழ்க்கையும் உங்களுக்கே மட்டமாகத் தெரிகிறதோ, அவரை ம்யூட் செய்யுங்கள். அன்ஃபாலோ செய்ய வேண்டியதில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. உறவுக்காரராக இருந்தாலும் செய்யலாம்.

இரவைப் பற்றி ஒரே விஷயம்: போன் படுக்கை அறைக்கு வெளியே தூங்கட்டும். ஒளிரும் திரையில் படித்துவிட்டுப் படுத்தவர்களுக்குத் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் அதிகமானது என்று 2015-ல் வெளியான சின்ன ஆய்வு ஒன்று காட்டியது. என் அனுபவத்தில் வெளிச்சத்தைவிட, பார்த்த விஷயம்தான் நீண்ட நேரம் விழித்திருக்க வைக்கிறது. அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்களோ நோயாளியோ இருந்து அழைப்பு வரக்கூடும் என்றால், அந்த எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி டூ நாட் டிஸ்டர்பில் வைத்துக்கொண்டு, எட்டாத தூரத்தில் வையுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு

என் அம்மா காலையில் செய்தி சேனலைப் போட்டால் இரவுதான் அணைப்பார். "கொலை கொலைன்னு ஓடுது, வெளிய போகாதடி" என்று எனக்கு போன் வரும். தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை இருப்பதைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஊடக ஆய்வாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொன்னார். அம்மாவின் குரலில் அதைக் கேட்டேன்.

ரிமோட்டைப் பிடுங்கினாலோ புத்தி சொன்னாலோ நடக்காது. நான் கேட்டது ஒன்றுதான்: "இந்தச் சத்தம் இல்லாட்டி உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

"வீடு வெறிச்சோன்னு கிடக்கும்டி. ஒரு பேச்சுக் குரல் கேட்டுட்டு இருந்தா போதும்."

அவருக்குத் தேவைப்பட்டது செய்தி இல்லை, துணை. ரேடியோவில் பழைய பாட்டு ஓடும் அலைவரிசையை வைத்துக் கொடுத்தேன். மாலையில் அரை மணி நேரம் செய்தி பார்ப்பார், முடிந்ததும் எனக்கு போன் போடுவார், அதைப் பற்றிப் பேசுவோம். உங்கள் வீட்டிலும் அணைக்கச் சொல்லும் முன்பு, அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் கூடத்தில் செய்தி சேனல் ஓட வேண்டாம். ஒரே காட்சி மறுபடி மறுபடி வரும்போது, அது திரும்பத் திரும்ப நடக்கிறது என்றே பல குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். எதையாவது பார்த்துவிட்டு வந்து கேட்டால், "அது ஒரு தடவைதான் நடந்தது, முடிஞ்சு போச்சு, நீ பத்திரமா இருக்க" என்று சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இறுகியே கிடந்தால், தூக்கமோ பசியோ போய்விட்டால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லை என்றால், காரணம் போனில் மட்டும் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே நெருக்கமான ஒருவரிடம் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், படுக்கும் முன் எதைப் பார்க்கிறீர்கள் என்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.