பழைய கைகாட்டிக்கு உதிரிபாகம்: இரும்பைச் செய்துகொள்ளலாம், கண்ணாடியைத்தான் தேடணும்

ஏலத்தில் எடுத்த இரும்பு வியாபாரியிடமோ காரைக்குடி பழம்பொருள் கடையிலோ ஒரு ரயில்வே கைகாட்டியை, அதாவது கை ஏறி இறங்கும் பழைய சிக்னலை, ஆசையாக வாங்கிப் போட்டுவிட்டு, பாதி சாமான் இல்லையே என்று முழிக்கிறவர்களுக்காக இது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா பாகத்தையும் பழசாகவே தேடி அலையாதீர்கள். இரும்பு, பித்தளை என்றால் மதுரையிலேயே செய்துகொள்ளலாம். செய்ய முடியாதது இரண்டுதான், கண்ணாடியும் ரசீதும். தேடுகிற நேரத்தையும் காசையும் அந்த இரண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன்னால் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். கை படுக்கையாக இருந்து கீழே இறங்கினால் லோயர் குவாட்ரண்ட், மேலே ஏறினால் அப்பர் குவாட்ரண்ட். கையோடு சேர்ந்து விளக்குக்கு முன்னால் அசையும் கண்ணாடிச் சட்டம் ஒன்று இருக்கும். லோயர் குவாட்ரண்ட் சட்டத்தில் சிவப்பு, பச்சை என்று இரண்டே கண்ணாடி. அப்பர் குவாட்ரண்டில் மஞ்சளும் சேர்ந்து மூன்று வரும். ஒன்றின் சட்டம் இன்னொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது, கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று எத்தனை முறை சொன்னாலும் சரி. கையின் நுனி மீன்வால் போல வெட்டியிருந்தால் அது வார்னர் அல்லது டிஸ்டன்ட், அடுத்த சிக்னலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பது. சதுரமாக முடிந்தால் ஹோம், ஸ்டார்ட்டர் போன்ற நிறுத்தும் சிக்னல். அந்தக் கை முன்பக்கம் சிவப்பில் வெள்ளைப் பட்டை, பின்பக்கம் வெள்ளையில் கறுப்புப் பட்டை.

அப்புறம் வார்ப்பில் எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் அது பழைய தென்னிந்திய ரயில்வேயின் சரக்கு, அதாவது தெற்கு ரயில்வே உருவான 1951 ஏப்ரல் 14-க்கு முந்தையது. கல்கத்தாவின் சாக்ஸ்பி ஃபார்மர் பெயர் இருக்கலாம், போத்தனூர் சிக்னல் பட்டறையின் பெயரும் இருக்கலாம். போத்தனூரில் போய்ச் சில்லறையாக வாங்கிவிடலாம் என்று பஸ் ஏறாதீர்கள், அது ரயில்வே தனக்காகச் செய்துகொள்ளும் இடம். ஆனால் எங்கே செய்தது என்று தெரிந்தால் அதே வார்ப்பு இன்னொரு இடத்தில் நிற்பதைக் கண்டுபிடித்து அளவெடுக்கலாம். திருச்சி ரயில் அருங்காட்சியகமும் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் இருப்பதும் இதற்கு உதவும். அனுமதி கேட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எழுத்தைப் பார்க்கிறேன் என்று கிரைண்டரைப் போட்டுவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும்.

எதையும் விட நல்ல வழிகாட்டி ஓய்வுபெற்ற சிக்னல் ஆட்கள்தான். அரசரடி ரயில்வே காலனிப் பக்கம் கலாசியாகவோ விளக்கு ஏற்றும் லாம்ப்மேனாகவோ வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, படத்தைக் காட்டுங்கள். "தம்பி, எல்லாம் சரி, பேக்லைட் மூடியக் காணுமே?" என்பார். நாம் கவனித்தே இருக்க மாட்டோம். விளக்கின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எட்டி நின்று பார்க்கும் ஸ்டேஷன்காரருக்கு, விளக்கு எரிகிறதா, கை படுத்திருக்கிறதா என்று அந்த வெளிச்சம்தான் சொல்லும். கை இறங்கியதும் ஒரு சிறிய தகடு வந்து அந்த ஓட்டையை மறைக்கும். கைகாட்டியில் முதலில் காணாமல் போவது இந்தத் தகடுதான், பழைய இரும்பில் அதற்குத் தனி விலையே கிடையாது என்பதால் யாரும் எடுத்து வைப்பதில்லை. அளவு தெரிந்தால் எந்த வெல்டிங் கடையிலும் செய்துவிடலாம்.

வார்ப்பு வேலைக்கு கே.புதூர் சிட்கோ, கப்பலூர் சிட்கோ பக்கம் விசாரியுங்கள். வார்ப்பு எடுக்காத பட்டறைக்காரர்கூட எடுக்கிறவரைச் சொல்லிவிடுவார். ஆனால் பழைய பாகத்தைக் கொடுத்து "இதே மாதிரி ஊத்திக் கொடுங்க" என்றால் வருவது இதே மாதிரி இருக்காது. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று வாக்கில் சுருங்கும். 300 மில்லிமீட்டர் பாகம் 3 மில்லிமீட்டர் குறைந்து வரும், கண்ணாடி உட்காராது. பித்தளை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். அதனால் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்து மரத்தில் பேட்டர்ன், அதாவது அச்சுக்கான மாதிரி, செய்யச் சொல்லுங்கள், துளைகளை வார்ப்பில் விடாமல் பிறகு துளைத்துக்கொள்ளுங்கள். லோயர் குவாட்ரண்ட் என்றால் சட்டத்தின் எடையைக் குறைக்கவே கூடாது. இழுக்கும் கம்பி அறுந்தாலும் கை தானாக ஆபத்து நிலைக்கு, அதாவது "நில்" என்று சொல்லும் படுக்கை நிலைக்கு, திரும்ப வேண்டும் என்றுதான் கண்ணாடிப் பக்கத்தை அவ்வளவு கனமாக வைத்தார்கள். அலுமினியத்தில் லேசாகச் செய்து மாட்டினால் உங்கள் கைகாட்டி எந்நேரமும் "போகலாம்" என்று தொங்கிக்கொண்டு நிற்கும்.

நட்டு போல்ட்டு விஷயம் சின்னதுதான், ஆனால் இங்கேதான் நிறைய சாமான் பாழாகிறது. பழைய பிரிட்டிஷ் சரக்கில் இருப்பது விட்வொர்த் மரை. அரை அங்குல விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, இன்று கடையில் கிடைக்கும் அரை அங்குல அமெரிக்க மரைக்கு 13. இரண்டு சுற்று அழகாக ஏறி அப்புறம் இறுகும், அங்கே ஸ்பேனரை வைத்து அழுத்தினால் வார்ப்பிரும்பில் உள்ள மரை உதிர்ந்துவிடும். மரையின் இடைவெளியை அளக்கும் மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேத்து வைத்திருப்பவர் வேண்டிய போல்ட்டைக் கடைந்தே கொடுத்துவிடுவார்.

சரி, கண்ணாடி. நல்ல சிக்னல் கண்ணாடியில் நிறம் மேலே பூசியதாக இருக்காது, கண்ணாடி முழுக்க ஊறியிருக்கும். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பச்சை என்று கேட்டு வாங்கினால் நீலம் கலந்து இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் அசல். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள், அந்த மஞ்சள் நீலப்பச்சை வழியாக வரும்போதுதான் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அவ்வப்போது கிடைக்கும். விட்டத்தையும் தடிமனையும் எழுதி எடுத்துப் போங்கள், ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் சட்டத்துக்குள் போகாது. தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற நினைப்பே வேண்டாம். அதே கடைகளில் பளபளவென்று முழுக்கப் பித்தளையில் "ரயில்வே லாந்தர்" என்று நிற்பவை பெரும்பாலும் முராதாபாத் பக்கம் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை. உழைத்த விளக்கு தகரத்தில் ஆணி அடித்துச் செய்ததாக, பெயின்ட் மேல் பெயின்டாக இருக்கும்.

ரசீதுக்கு வருவோம். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருடப்பட்டதாகச் சந்தேகப்படத்தக்க ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தால், முறையாக வந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை சிறை உண்டு. மதுரை-போடி லைன் மீட்டர்கேஜ் 2010 கடைசியில் நின்றது, 2023-இல் அகலப்பாதையில் போடி வரை ரயில் வந்துவிட்டது. அதற்காக அந்தப் பக்கம் எங்காவது ஒதுங்கிக் கிடக்கும் பழைய இரும்பெல்லாம் கேட்பாரற்றது என்று அர்த்தமில்லை. ரயில்வே கழிவுச் சாமான்களைத் தன் ஐ.ஆர்.இ.பி.எஸ். இணையதளத்தில் மின் ஏலம் விடுகிறது. டிஜிட்டல் கையெழுத்தோடு பதிவு செய்து, மொத்தமாக ஒரு லாட்டையே எடுக்க வேண்டும் என்பதால் ஒரு கைகாட்டிக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. ஏலம் எடுத்த வியாபாரியைப் பிடித்து வேண்டியதை மட்டும் எடைக்கு வாங்குங்கள், ஏலப் பத்திரத்தின் நகலையும் அவர் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள். தர யோசித்தால் சாமான் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு உள்ளே எல்.இ.டி. போடுவதானால் வார்ம் ஒயிட்டிலேயே மஞ்சள் தூக்கலானதாகப் பாருங்கள், 2200 கெல்வின் கிடைத்தால் நல்லது. வெள்ளை பல்பு போட்டால் பச்சை நீலமாக எரியும். வீடு திருப்பரங்குன்றம், கூடல்நகர் என்று தண்டவாளத்தை ஒட்டி இருந்தால் விளக்கைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள், லைனில் வருகிற லோகோ பைலட் கண்ணில் அது படவே கூடாது.