கொடைக்கானல் வீட்டு மாடிக்கு அனுமதி வாங்கிய என் அனுபவம்

கொடைக்கானலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியறைகள் இரண்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடத் தொடங்கியபோது, சொந்த வீட்டுக்கு அனுமதி எதற்கு என்றே நினைத்திருந்தேன். 2024 கோடையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் வந்து தங்கிய மறுநாள், விசாரிக்க வந்த காவலர் “படிவம் சி பதிவு செய்தீர்களா?” என்று கேட்டபோதுதான், வெளிநாட்டவர் தங்கினால், அது தனி வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு அந்தப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

அன்றே அவர்களுடைய பாஸ்போர்ட், விசா நகல்களைக் கடிதத்துடன் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அந்தப் படிவத்தைப் பதிவு செய்யும் இணையதளத்தில் கணக்குக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் விசா எண், இந்தியாவுக்குள் நுழைந்த தேதி, அடுத்துச் செல்லும் ஊர் ஆகியவற்றை நிரப்ப வேண்டியிருப்பதால், இப்போது விருந்தினர் பையை இறக்கி வைத்ததும் தேநீரோடு இவற்றையும் கேட்டு, மாடிப்படியருகே உள்ள நீலப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன்.

பிறகு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் விண்ணப்பித்தேன். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாடகை அறைகள் ஆறுக்கு மேல் கூடாது. வெள்ளி, தங்கம் என இரண்டு தரங்கள் உண்டு. மாடிக்கான கட்டட அனுமதித் தாளைத் தேடுவதற்குத்தான் அதிக நாளானது. ஆகவே அதை முதலில் எடுத்து வையுங்கள். 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) தேவைப்படுவதையும் முன்பதிவின்போதே விருந்தினரிடம் சொல்லிவிடுகிறேன்.