கொலராடோ காட்டில் குழுவாக வில் வேட்டை: புறப்படும் முன்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தேசிய வனங்களில் செப்டம்பர் மாதம் எல்க் என்னும் பெரிய மானை வில்லால் வேட்டையாடக் குழுவாகச் செல்பவர்கள், தத்தம் உரிமம் எந்த வேட்டைப் பிரிவில் (மாநிலம் வகுத்துள்ள வேட்டைப் பகுதியில்) செல்லுபடியாகும் என்பதையும், அரசு நிலம் முடிந்து தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதையும் இணையத் தொடர்பின்றித் திறக்கும் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். யார் எந்தச் சரிவுக்குப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை முகாமில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசியை நம்ப முடியாது என்பதால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றாவது குழுவிடம் இருக்கட்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது அம்புமுனையைப் பற்றித்தான். சவரக்கத்தி போன்ற அந்த அலகுகள், தடுக்கி விழுந்தால் தொடையைக் கிழித்துவிடும். ஆகவே முனைகளை முழுதாக மூடும் அம்பறாத்தூணியில் வைத்தே நடக்க வேண்டும், விலங்கு கண்ணில் படும்வரை அம்பை நாணில் பூட்டக் கூடாது.

எல்க்கின் குரல் கேட்டால், அது எல்க் போலக் குரலெழுப்பும் ஊதுகுழல் வைத்திருக்கும் இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். விலங்கின் உடலை முழுமையாகப் பார்க்காமல் நாணை இழுக்காதீர்கள். அதே மாதத்தில் சில நாட்கள் குழல்வாய் வழியே வெடிமருந்து இட்டுச் சுடும் துப்பாக்கி வேட்டையும் நடப்பதால், வில்லாளர்களும் பளிச்சிடும் ஆரஞ்சுத் தொப்பி அணிவது நல்லது.

விலங்குக்காக மரத்தில் ஏறி அமர்ந்து காத்திருப்பவர் தரையிலிருந்தே பாதுகாப்புப் பட்டையை மரத்தோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். வில்லைப் பிறகு கயிற்றில் கட்டி மேலே இழுக்கலாம்.