திருகோணமலையின் பெயரில் ஒரு கப்பல்: ஹார்ட்டில்பூல் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக ஊர். அங்கே எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கிறது. பெயர் நம் திருகோணமலையுடையது. கட்டப்பட்டது பம்பாயில். மரம் மலபார்க் காடுகளிலிருந்து வந்த தேக்கு. 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். லண்டன் போகும் நம்மவர்கள் கோபுரத்தையும் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வடக்கே வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களிலும் பலர் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கப்பலின் உண்மையான செல்வத்தைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். அந்தச் செல்வம் கீழே, மரத்தில் இருக்கிறது. அதைத் தவறவிடாமல் இருக்க என்னென்ன கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதிலேயே குழப்பம் வருகிறது. 'உலகிலேயே மிகப் பழைய போர்க்கப்பல்' என்று யாரோ சொன்னதை நம்பிப் போகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. போர்ட்ஸ்மவுத்தில் உள்ள விக்டரி 1765இல் கடலில் இறங்கியது. ஆனால் அது 1922 முதல் உலர்துறையில், அதாவது தண்ணீர் வடித்த துறையில், நிற்கிறது, மிதக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள கான்ஸ்டிடியூஷன் 1797இல் இறங்கியது, இன்றும் மிதக்கிறது. ஆக, டிரிங்கோமலியின் பெருமை இதுதான்: ஐரோப்பாவில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது.

அந்தக் கான்ஸ்டிடியூஷனுக்கும் இந்தக் கப்பலுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. டிரிங்கோமலியைக் கட்ட 1812இல் உத்தரவு போட்டு, வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அப்போது பிரிட்டனும் அமெரிக்காவும் போரில் இருந்தன; அதே ஆண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் கான்ஸ்டிடியூஷன் ஜாவாவை மடக்கித் தோற்கடித்தது. வரைபடங்களும் அதோடு போயின. மறுபடி புதிதாக அனுப்ப வேண்டியதாயிற்று. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டையை வைக்க 1816 ஆகிவிட்டது.

அடுத்த தவறு, டிராஃபல்கர் மாதிரி ஒரு வீரக்கதையை எதிர்பார்த்துப் போவது. நெல்சன் தலைமையில் ஆங்கிலேயர் வென்ற அந்தக் கடற்போர் நடந்தது 1805இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த கப்பல் இது. நெப்போலியன் போர்கள் முடிந்துவிட்டதால், 1819இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்ததும் இதைப் பயன்படுத்தாமல் கட்டிப்போட்டு வைத்தார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே கிடந்தது. பிறகு ஆயுதங்களை மாற்றி, 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் அனுப்பினார்கள். பெரிய கடற்போர் எதையும் இந்தக் கப்பல் பார்க்கவில்லை. 'சண்டையே போடாத போர்க்கப்பலா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். போர் பார்த்த கப்பல்களில் பெரும்பாலானவை குண்டடி பட்டோ, உளுத்தோ, உடைக்கப்பட்டோ போய்விட்டன. இது வேலையில்லாமல் கிடந்ததும் இன்று நம் கண்முன் இருப்பதற்கு ஒரு காரணம்.

பெயரின் பின்னால் மட்டும் ஒரு போர் இருக்கிறது. 1782 செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் மோதினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. இதே இருவரும் அந்த ஆண்டு பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பாலும், மறு ஆண்டு கடலூருக்கு அப்பாலும் மோதியவர்கள். நம் கரையோரம் முழுக்க நடந்த ஒரு சண்டையின் நினைவு, ஐரோப்பாவின் வட மூலையில் ஒரு கப்பலின் பெயராக நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ப் பலகையைப் படித்துக் காட்டுவதைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

இனி முக்கியமான தவறு. மரத்தைப் பார்க்காமல் வருவது.

மீட்டெடுத்த கப்பல் என்றதும் ஒரு சாரார் 'எல்லாம் புதுசு, சும்மா செட்டு' என்கிறார்கள். இன்னொரு சாரார் ஒவ்வொரு ஆணியும் 1817இல் அடித்தது என்று நினைத்துத் தடவிப் பார்க்கிறார்கள். இரண்டும் தவறு. இந்தக் கப்பலில் பாதிக்கும் மேலான மரம் பம்பாயில் வைத்த அதே மரம். அது பெரும்பாலும் கப்பலின் உடலில், கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மேலே வெயிலும் மழையும் படும் இடங்களிலும் கயிறு பாய்மர வேலைகளிலும் புதியவை அதிகம். அதனால் மேல்தளத்தோடு திரும்பிவிடுகிறவர் பெரும்பாலும் புதிய கப்பலைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்.

தேக்கு என்பதற்காகத்தான் இது பிழைத்தது. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கப்பலுக்கு ஏற்ற ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். ஆணி துருப்பிடித்தால் அதைச் சுற்றியுள்ள மரமும் கெடும். தேக்கிலோ எண்ணெய்ப் பசை உண்டு. அது இரும்பையும் காக்கும், பூச்சியையும் ஓரளவு தள்ளி வைக்கும். பம்பாய்க் கப்பல்துறையில் தலைமைக் கட்டுநராக இருந்தவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பார்சிக் குடும்பம், பல தலைமுறையாக இதே தொழில். 1842இல் பிரிட்டனும் சீனாவும் போரை முடித்துச் செய்துகொண்ட நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ் கப்பலும் அவர் கட்டியதுதான். டிரிங்கோமலிக்கு அடிக்கட்டை வைத்தபோது பார்சி வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள். வீட்டுக்கு நிலைவாசல் வைக்கும்போது நாம் செய்யும் பூசை போல, கப்பலுக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது.

ஆகவே கீழே இறங்குங்கள். அடியறை வரை பார்வையாளரை விட்டால் அங்கேயும் போங்கள். வளைந்து எழும் விலா மரங்களுக்கு எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு மரம் இன்னொன்றோடு சேரும் இடத்தைத் தேடுங்கள். பழையதும் புதியதும் பொருந்தும் இணைப்பு நிறத்திலேயே தெரியும்: பழைய தேக்கு கருத்து, விளிம்பு மழுங்கி இருக்கும், புதியதன் விளிம்பு கூர்மையாக நிற்கும். மேலே தளப் பலகைகளின் இடுக்குகளையும் பாருங்கள். நார் திணித்துக் கீல் (தார்) ஊற்றுகிற கலப்பத்து வேலை அங்கே கருங்கோடுகளாக ஓடும். நம்மூரில் வள்ளம் கட்டுகிறவர்களுக்கும் தெரிந்த வேலைதான். எது பம்பாய் மரம் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே நிற்கும் வழிகாட்டியிடம் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் வருவதும் ஒரு தவறுதான். அங்கே இருப்பவர்கள் கப்பலைப் பற்றிக் கேட்டால் மகிழ்ந்து பேசுவார்கள்.

முன்பக்கம் போய் முகப்புச் சிற்பத்தைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் உருவம். கப்பலுக்குள் ஏறுகிற அவசரத்தில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. துறையின் கரையில் சுற்றி நடந்தால் நன்றாகத் தெரியும்.

ஏறி இறங்கும் விஷயத்துக்கு வருவோம். தளத்துக்குத் தளம் உள்ள படிகள் ஏணி போலச் செங்குத்தானவை. வீட்டு மாடிப்படி மாதிரி முன்னோக்கி இறங்குவதுதான் கால் வழுக்க முக்கியக் காரணம். ஏணியைப் பார்த்தபடி, பின்பக்கமாக, இரண்டு கையாலும் பிடித்து இறங்க வேண்டும். கையில் பை, இன்னொரு கையில் கைபேசி என்றால் அது நடக்காது. ரப்பர் அடியுள்ள செருப்போ ஷூவோ போதும். குதிகால் உயர்ந்தது வேண்டவே வேண்டாம். சேலை கட்டி வரும் அம்மா, அத்தைமார் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது. கீழ்த்தளங்களில் குறுக்கு உத்தரங்கள் தாழ்வாக இருக்கும். உயரமானவர்கள் நெற்றியில் வாங்கிக்கொண்டுதான் பாடம் படிப்பார்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களோ சக்கர நாற்காலியில் இருப்பவர்களோ வந்தால், எந்தத் தளம் வரை போக முடியும் என்று அருங்காட்சியகத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாசலில் போய்க் கேட்டு ஏமாற வேண்டியதில்லை.

தளங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதும் முக்கியம். மேலிருந்து கீழே போவதுதான் சரி. மேல்தளத்தில் காற்றும் கயிறும். அடுத்தது பீரங்கித் தளம். பின்கோடியில் தலைவரின் அறை, அதன் சன்னல் வழியே நல்ல வெளிச்சம் வரும். முதலில் திட்டமிட்டபடி இந்த வகைக் கப்பலின் முக்கியப் பீரங்கிகள் 18 பவுண்டு குண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், எறிபவை. அதற்கும் கீழே மாலுமிகள் தங்கும் தளம். அங்கே பீரங்கிச் சன்னல் கிடையாது, வெளிச்சம் குறைவு. ஒரு மாலுமியின் தொங்கு படுக்கைக்கு விதிப்படி ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். தலைவரின் அறையைப் பார்த்த கண்ணோடு நேரே இங்கே இறங்கினால்தான் அந்தக் காலத்துக் கப்பலில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பது உறைக்கும். மாற்றிப் பார்த்தால் அந்தத் தாக்கம் வராது.

துறையைச் சுற்றியுள்ள பழங்காலத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கிக் கடை, வாள் கடை, சீருடைத் தையல்காரர் என்று அழகாக அமைத்திருக்கிறார்கள். அது 1990களில் கட்டியது. பழைய தெரு என்று நினைத்து அங்கேயே பாதி நாளைச் செலவழித்துவிட்டு, கப்பலுக்கு அரை மணி நேரம் மிச்சம் வைப்பது வருத்தமான விஷயம். காலையில் போனதும் கப்பல், பிறகு தெரு. போர் அனுபவத்தைக் காட்டும் பகுதியில் சத்தம் அதிகம். சின்னக் குழந்தைகள் பயப்படலாம்.

நேரக் கணக்கிலும் தவறு நடக்கிறது. குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறையும், சில நாட்கள் மூடியும் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களுடைய இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஆனாலும் ஒரே நாளில் போய் வருவது அலைச்சல். நியூகாசிலிலோ டர்ஹமிலோ யார்க்கிலோ தங்கிக்கொண்டு வந்தால் நிதானமாகப் பார்க்கலாம். வடகடல் காற்று ஜூலையிலும் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். பக்கத்திலேயே ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். அங்கே ஊரின் கப்பல் கட்டும் தொழிலைப் பற்றி அறியலாம். 1979 முதல் 1987 வரை வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலைப் புதுப்பித்ததும் இதே ஊர்தான். அந்தக் கைகள் இங்கே இருந்ததால்தான் டிரிங்கோமலியையும் 1987இல் இங்கே கொண்டுவந்து, 1990 முதல் 2001 வரை வேலை செய்தார்கள். அதுவரை ஃபூத்ராயான் என்ற வேறு பெயரில் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த கப்பலுக்கு, 1992இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது.

பயணத்தை ஸ்காட்லாந்து வரை நீட்டுகிறவர்கள் டண்டீயில் உள்ள யூனிகார்ன் கப்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1824இல் இறங்கிய அது ஏறத்தாழ இதே வடிவமைப்பு. ஆனால் பாய்மரமே ஏற்றாமல், கூரை போட்டு வைத்துவிட்டார்கள். பம்பாய் கட்டியதையும் இங்கிலாந்து கட்டியதையும் அடுத்தடுத்துப் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.